பெட்டியில் வந்த போர் விமானம்

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து நகரத்தை நோக்கி டவுன்டவுன் ரயிலில் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை: அவர்கள் போகும் பாதை நெடுகிலும் ஒரு விளையாட்டுப் பொருளின் வரலாறு சிதறிக் கிடக்கிறது. ஹியூம் நிலையத்தின் அருகே பழைய ஃபோர்ட் கார்த் தொழிற்சாலை. இன்னும் சற்றுத் தள்ளி, ரப்பர் வணிகத்தில் பெரும் செல்வரான டான் கா கீயின் பெயர் தாங்கிய நிலையம். அதற்கு அடுத்தது பூமலை. பிறகு தேக்கா. அங்கிருந்து பொடிநடையாகப் போனால் ஃபேரர் பார்க் திடல். ஒரு நிறுத்தம் தாண்டி ரோச்சோரில் இறங்கினால் சிம் லிம் டவரின் மின்னணுப் பொருள் கடைகள். ரிமோட்டில் பறக்கும் குட்டிப் போர் விமானம் இன்றைய உருவத்துக்கு வந்து சேர்ந்த கதையில் இந்த இடங்கள் எல்லாவற்றையும் தொட்டுப் பேசலாம்.

அந்த விமானத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இறக்கை அகலம், பச்சையும் மண் நிறமும் கலந்த உருமறைப்பு வண்ணம், பக்கத்தில் வட்டச் சின்னம். ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், ஜீரோ என்று ஏதாவது ஒன்று. ஒருவர் அதைக் கையில் தூக்கி எறிய, இன்னொருவர் டிரான்ஸ்மிட்டரின் இரண்டு குச்சிகளைக் கட்டைவிரல்களால் அசைக்க, அது திடலுக்கு மேலே வட்டமடிக்கும். இரண்டாம் உலகப்போரின் நினைவாகப் பிறந்த பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் பூர்வீகமோ அந்தப் போருக்கும் எழுபது ஆண்டு முந்தையது.

1871 ஆகஸ்ட் 18. பாரிஸ் நகரம் பிரஷ்யப் படையின் முற்றுகையையும் அதற்குப் பின் வந்த கம்யூன் கலகத்தையும் அப்போதுதான் கடந்திருந்தது. துயிலரி அரண்மனை மே மாதம் எரிந்து போயிருந்தது. அந்தக் கரிந்த சுவர்களை ஒட்டிய தோட்டத்தில், 21 வயது அல்ஃபோன்ஸ் பெனோ தன் கையிலிருந்த ஒன்றரை அடி இறக்கை கொண்ட பொம்மையை விட்டார். முறுக்கிய ரப்பர் அவிழ அவிழ வாலில் இருந்த விசிறி சுழன்றது. பொம்மை 11 விநாடிகளில் சுமார் 40 மீட்டர் பறந்து, தலைகுப்புற விழாமல் இறங்கியது. பறவைகளைப் பார்த்து இறக்கை அடிக்கும் இயந்திரங்களைச் செய்து தோற்றவர்கள் பலர். நிலையாகப் பறப்பதற்கு வால் இறக்கை எந்தக் கோணத்தில் இருக்கவேண்டும் என்று பெனோ கண்டுபிடித்திருந்தார். இன்று ஒரு மாதிரி விமானத்தை முதன்முறை பறக்கவிடுமுன் அதன் வாலின் கோணத்தைச் சரிபார்க்கிறார்களே, அது அவர் விட்டுப்போன பாடம்.

பெனோ 30 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அவர் வடிவமைத்த ரப்பர் முறுக்கு ஹெலிகாப்டர் பொம்மையோ கடல் கடந்தது. 1878-இல் அமெரிக்காவில் ஒரு பாதிரியார் அந்த வகைப் பொம்மை ஒன்றை வாங்கிவந்து தன் பிள்ளைகளிடம் கொடுத்தார். மூங்கில், தக்கை, காகிதம், ஒரு ரப்பர். அவ்வளவுதான் அதில் இருந்தது. அது உடைந்ததும் பிள்ளைகள் தாங்களே இன்னொன்று செய்துகொண்டார்கள். அவர்கள் பெயர் வில்பர் ரைட், ஓர்வில் ரைட். மாதிரி விமானம் நிஜ விமானத்தின் நகல் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வரலாற்றில் பொம்மைதான் மூத்தது.

இப்போது அந்த ரப்பருக்கு வருவோம். பெனோவின் காலத்தில் ரப்பர் என்றால் அமேசான் காட்டு மரத்தின் பால். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை சில ஆயிரம். அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்தன. 1888-இல் அங்கே பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பட்டையைச் சாய்வாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். விதைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோட்ட முதலாளிகளைத் தேடித்தேடிக் கொடுத்ததால் அவருக்குப் பைத்தியக்காரர் என்றே பட்டப்பெயர் விழுந்தது. மோட்டார் கார் வந்ததும் பட்டப்பெயர் மறந்துபோய், மலாயாவின் மலைச்சரிவெல்லாம் பால்மரமாயிற்று. பால்மரம் வெட்ட ஆள் வேண்டும். தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணிகள் ஆள் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். விடியுமுன் எழுந்து, உளியும் வாளியுமாகத் தோட்டத்துக்குள் போன அந்தத் தமிழர்களும் சேர்ந்து உழைத்த மலாயாவிலிருந்து உலகின் ரப்பரில் ஏறத்தாழப் பாதி 1920களில் வெளியே போயிற்று. லண்டனிலும் சிகாகோவிலும் ஒரு சிறுவன் தன் காகித விமானத்தின் விசிறியை நூறு சுற்று முறுக்கியபோது, அந்த முறுக்கில் நம் தோட்டப்புறத்து உழைப்பும் இருந்தது. மாதிரி விமானத்தின் வரலாற்றை எழுதும் மேல்நாட்டுப் புத்தகங்கள் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. அதனால்தான் இதை இங்கே அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

பால்மரங்கள் வளர்ந்துகொண்டிருந்தபோதே சிங்கப்பூருக்கு நிஜ விமானமும் வந்துவிட்டது. 1911 மார்ச் 16 அன்று, அப்போது குதிரைப் பந்தயத் திடலாக இருந்த ஃபேரர் பார்க்கில், பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் ஒரு பிரிஸ்டல் பாக்ஸ்கைட்டை ஓட்டிக் காட்டினார். அந்த விமானம் பறந்து வரவில்லை. கப்பலில் வந்தது. கழியும் துணியும் கம்பியுமான அதை இங்கே பூட்டித்தான் பறக்கவிட்டார்கள். எட்டு ஆண்டு கழித்து, 1919 டிசம்பர் 4 அன்று, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் ராஸ் ஸ்மித்தின் விக்கர்ஸ் விமி அதே திடலில் வந்து இறங்கியது. சிங்கப்பூர் மண்ணுக்குப் பறந்தே வந்த முதல் விமானம் அது. இன்று ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலை போட்டுச் சாப்பிடுகிறவர்கள், இந்தத் தீவின் முதல் விமான நிலையத்துக்கு அடுத்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே சொல்லலாம்.

முதல் உலகப்போரில் இன்னொரு பொருள் கதைக்குள் நுழைந்தது: நம் வீட்டு விளக்கெண்ணெய். அன்றைய போர் விமானங்கள் பலவற்றில் எஞ்சினே விசிறியோடு சேர்ந்து சுழலும். அதற்குள் பெட்ரோலோடு கலந்து கரைந்துவிடாத எண்ணெய் வேண்டும், கொதிக்கும் சூட்டையும் தாங்கவேண்டும். ஆமணக்கு எண்ணெய்க்கு நிகராக எதுவும் கிடைக்கவில்லை. இந்தியாவின் ஆமணக்குக்குத் திடீர்க் கிராக்கி வந்தது. எஞ்சினிலிருந்து சிதறும் எண்ணெய்ப் புகையைச் சுவாசித்த விமானிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை, சிறுவயதில் பாட்டி கையால் விளக்கெண்ணெய் குடித்த யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. அந்த எஞ்சின்கள் போருக்குப் பின் காணாமல் போயின. எண்ணெய் மட்டும் காத்திருந்தது. 1947-இல் அமெரிக்கர் ரே ஆர்டன், தொடர்ந்து தீப்பொறி தேவைப்படாத, கம்பிச்சுருள் கனன்றுகொண்டே இருக்கும் குட்டிப் பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மாதிரி விமான எஞ்சின்கள் மெத்தனாலுக்கு மாறின. மெத்தனாலில் சாதாரண எஞ்சின் ஆயில் கரையாது, விளக்கெண்ணெய் கரையும். மாதிரி விமானத் திடலில் எஞ்சின் புகைக்கென்று ஒரு மணம் உண்டு. பழைய ஆட்களை அது அப்படியே நிறுத்திவிடும். அது ஆமணக்கின் மணம்.

ரேடியோ எப்போது வந்தது? 1898-இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா கம்பியில்லாமல் ஒரு குட்டிப் படகை ஓட்டிக் காட்டினார். ஆனால் ரேடியோக் கருவியின் எடை விமானத்தைத் தரையிலேயே உட்கார்த்தி வைத்தது. 1937-இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் அந்தத் தடையைத் தாண்டினார்கள். ஒருவர் ரேடியோவைச் செய்தார், மற்றவர் விமானத்தைச் செய்தார். எட்டு அடி இறக்கை கொண்ட அவர்களுடைய 'கஃப்' இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறிய இடத்துக்குள் ரேடியோவை அடக்கத் தெரிந்த வால்டர், போர் வந்ததும் பீரங்கிக் குண்டின் மூக்கில் பொருத்தும் ரேடியோ வெடிமுனைத் திட்டத்தில் வேலை செய்தார். பொழுதுபோக்குக்கும் போருக்கும் நடுவே ஆட்கள் இப்படி அங்குமிங்கும் போய்வந்துகொண்டே இருந்தார்கள்.

அவர்களில் மிகவும் வண்ணமயமானவர் ரெஜினால்ட் டென்னி. ஆங்கிலேயர், முதல் உலகப்போரில் விமானப்படையில் இருந்தவர், ஹாலிவுட்டில் நடிகர். படப்பிடிப்பு இல்லாத நேரத்தில் மாதிரி விமானம் செய்தார். 1934-இல் ஹாலிவுட் புலவார்டில் அதற்கென்று கடையே வைத்தார். விமான எதிர்ப்புப் பீரங்கி வீரர்களுக்குப் பயிற்சிக்காகச் சுட்டுத்தள்ள மலிவான ரேடியோ விமானம் இருந்தால் நல்லதே என்று அவருக்குத் தோன்றியது. ராணுவத்திடம் பேசிப்பேசி ஒப்பந்தம் வாங்கினார். அவருடைய ரேடியோபிளேன் நிறுவனம் போர்க்காலத்தில் ஏறத்தாழ 15,000 குறி விமானங்களைச் செய்து கொடுத்தது. துணி போர்த்திய அந்த விமானங்களின் உடலுக்கு டோப் வார்னிஷ் தெளிக்கும் அறையில் நார்மா ஜீன் என்ற இளம்பெண் வேலை பார்த்தாள். போரின் கடைசிக் கட்டத்தில், பெண் தொழிலாளர்களைப் படமெடுக்க ஒரு ராணுவப் புகைப்படக்காரர் அங்கே வந்தார். அவரை அனுப்பிய அதிகாரி ரொனால்ட் ரீகன். அந்தப் படங்கள் அவளை மாடலிங்குக்கும் சினிமாவுக்கும் கொண்டுபோயின. மரிலின் மன்றோ சினிமாவுக்கு வருமுன் ரேடியோ விமானத்துக்கு வண்ணம் தெளித்தவர் என்ற செய்தி, ஏர்பிரஷ் பிடிக்கும் ஒவ்வொருவரும் பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்கது.

இனி, புக்கிட் பாஞ்சாங்.

1941-இன் தொடக்க மாதங்களிலிருந்து சிலேத்தார் விமானத் தளத்துக்கு அமெரிக்காவிலிருந்து மரப்பெட்டிகள் வந்து இறங்கின. உள்ளே இறக்கை தனி, உடல் தனி, வால் தனியாக பிரூஸ்டர் பஃபலோ விமானங்கள். குட்டையான, பருத்த, ஒற்றை இறக்கைப் போர் விமானம். நூற்றைம்பதுக்கும் மேலே இப்படி வந்தன. அவற்றின் எஞ்சின்களில் பல, பயணிகள் விமானங்களில் ஓடிக் களைத்து, பழுதுபார்த்து மாட்டப்பட்டவை. நான்கு இயந்திரத் துப்பாக்கியும் கவசமும் எரிபொருளும் ஏற்றியபின் அது மெதுவாகத்தான் மேலேறும். அதே பஃபலோவின் எடை குறைந்த முந்தைய வகையை வைத்துக்கொண்டு ஃபின்லாந்துக்காரர்கள் ரஷ்ய விமானங்களை விரட்டியடித்தார்கள். இங்கே எதிரே வந்தது மிக இலகுவான, நொடியில் திரும்பக்கூடிய நகாஜிமா ஹயபுசா. பஃபலோவை ஓட்டியவர்கள் அதை ஜீரோ என்றே நினைத்தார்கள். இரண்டுக்கும் வட்டமான எஞ்சின் முகம், சிவப்புச் சூரிய வட்டம். ஜீரோ கடற்படையினுடையது, ஹயபுசா தரைப்படையினுடையது. இன்றும் மலாயாப் போரைப் பற்றிப் பேசும் பலர் இந்தத் தவற்றைத் திருப்பிச் சொல்கிறார்கள். மாதிரி விமானக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், எஞ்சின் மூடியையும் வாலையும் காட்டித் திருத்துவார்.

அப்பர் புக்கிட் தீமா சாலையில் ஃபோர்ட் தொழிற்சாலை 1941 அக்டோபரில் திறந்தது. பிரித்துக் கப்பலில் வரும் கார்ப் பாகங்களைப் பூட்டி முழுக்காராக்கும் ஆலை, தென்கிழக்காசியாவில் ஃபோர்டின் முதல் ஆலை. திறந்து இரண்டே மாதத்தில் போர். பெட்டிபெட்டியாக வந்த போர் விமானப் பாகங்களை, அங்கிருந்த புத்தம்புதுக் கருவிகளைக் கொண்டு ராயல் விமானப்படை அந்த ஆலையிலேயே பூட்டியது. இந்தக் கட்டுரைக்காகப் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இதுதான். பெட்டியைத் திறந்து, பாகங்களை எண்ணி, வரைபடத்தைப் பார்த்து ஒரு ஸ்பிட்ஃபயரை ஒட்டுகிற புக்கிட் பாஞ்சாங்வாசி இன்று செய்யும் வேலையை, அவர் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் நிஜ விமானங்களுக்குச் செய்திருக்கிறார்கள். 1942 ஜனவரியில் 51 ஹரிக்கேன் விமானங்களும் சிங்கப்பூருக்குப் பெட்டிகளிலேயே வந்து சேர்ந்தன. மூக்கின் கீழே மணல் வடிகட்டி துருத்திக்கொண்டிருக்கும் வகை அது. அந்தத் துருத்தல் காற்றை எதிர்த்து வேகத்தைக் குறைத்தது. எல்லாம் காலம் கடந்த ஏற்பாடு. ஃபோர்ட் ஆலையில் பூட்டிய விமானங்கள் பெரும்பாலும் ஜனவரி இறுதியிலேயே தீவை விட்டுப் பறந்துவிட்டன.

பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் வடமேற்குக் கரையில் இறங்கினார்கள். மறுநாள் தெங்கா விமானத் தளம் அவர்கள் கையில். 10-ஆம் தேதி இரவு அவர்களுடைய டாங்கிகள் சுவா சூ காங் சாலை வழியாக புக்கிட் பாஞ்சாங் கிராமத்துக்குள் வந்தன. 15-ஆம் தேதி மாலை, அதே ஃபோர்ட் ஆலையின் கூட்ட அறையில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் சரணடைந்து கையெழுத்திட்டார். இரண்டு நாள் கழித்து, கிறிஸ்டியான்ஸ் பறந்து காட்டிய ஃபேரர் பார்க்கில் பல்லாயிரம் இந்தியப் போர்க்கைதிகளை ஒன்றுதிரட்டி, இந்திய தேசிய ராணுவத்தைத் தொடங்கிய மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார்கள். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்களில் பல்லாயிரம் பேரைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். ஏராளமானோர் திரும்பவில்லை.

மலாயா விழுந்ததும் நேசநாடுகளுக்கு அங்கிருந்து வந்த ரப்பர் நின்றது. அமெரிக்காவில் அதற்குச் சற்று முன்பே டயருக்குப் பங்கீடு வந்திருந்தது. பிள்ளைகளின் விமானத்துக்கு ரப்பர் கிடைக்கவில்லை. ஈக்வடாரின் பால்சா மரமும் கிடைக்கவில்லை. தக்கையைவிட எடை குறைந்த அந்த மரம் உயிர்காப்பு மிதவைகளுக்கும், டி ஹாவிலாண்ட் மஸ்கீட்டோ குண்டுவீச்சு விமானத்தின் ஒட்டுப்பலகை உடலுக்கும் போயிற்று. மாதிரி விமானம் செய்யப் பயன்பட்ட மரத்தில் நிஜப் போர் விமானம் செய்தார்கள்! கிட் பெட்டிகளில் அட்டையும் கனமான மரமும் வந்தன. ஆனால் பொழுதுபோக்கு ஓயவில்லை, அரசு வேலையாயிற்று. 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் எதிரி விமானம், நம் விமானம் என எல்லா வகைகளிலும் ஐந்து லட்சம் மாதிரிகள் செய்து தரச்சொன்னது. அளவு 72-இல் ஒரு பங்கு, வண்ணம் முழுக்கக் கறுப்பு. 35 அடி தூரத்தில் பிடித்த மாதிரி, அரை மைல் தூரத்து நிஜ விமானம் தெரியும் அளவில் தெரியும். வீரர்கள் நிழலுருவத்தைப் பார்த்தே அடையாளம் சொல்லப் பழகினார்கள். இன்று பிளாஸ்டிக் கிட்களில் மிகப் பரவலான அளவு அந்த 72-இல் ஒரு பங்குதான்.

வண்ணமும் போரில் உயிர்ப் பிரச்சினையாயிற்று. பிரிட்டிஷ் விமானச் சின்னத்தின் நடுவே சிவப்புப் புள்ளி உண்டு. பர்மாப் போர்முனையில் அவசரத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஜப்பானியச் சூரியனாகத் தெரியும். ஆகவே சிவப்பை அழித்து, கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும் வைத்தார்கள். அந்த நீலச் சின்னத்தோடு பறந்தவர்களில் இந்திய விமானப்படையினரும் உண்டு. இங்கிலாந்திலோ, நன்கொடை திரட்டிக் கொடுத்த ஊர்களின் பெயரை விமானங்களிலும் படையணிகளிலும் பொறித்தார்கள். 5,000 பவுன் கொடுத்தால் ஒரு ஸ்பிட்ஃபயருக்குப் பெயர் வைக்கலாம். ராயல் விமானப்படையின் 234-ஆம், 264-ஆம் படையணிகள் மதராஸ் மாகாணத்தின் பெயரைத் தாங்கின. தமிழர் வீட்டு அலமாரியில் நிற்கவேண்டிய விமானம் எது என்று யாராவது கேட்டால் இந்தப் படையணிகளின் விமானத்தைச் சொல்லலாம்.

போருக்குப் பின் பொம்மை வணிகர்கள் வேகமெடுத்தார்கள். பிரிட்டனில் ஹங்கேரிக்காரர் நிக்கோலஸ் கோவ் 1939-இல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ், 1953-இல் தன் முதல் ஸ்பிட்ஃபயரை வெளியிட்டது. அது அமெரிக்க அரோரா நிறுவனத்தின் கிட்டைச் சிறிதாக்கிய நகல் என்பது சேகரிப்பாளர்கள் அறிந்த சேதி. அதைவிட நல்ல அச்சை ஏர்ஃபிக்ஸே பின்னர் செய்துகொண்டது. ஜப்பானின் ஷிசுவோகாவில் 1946-இல் மர ஆலையாகத் தொடங்கிய தமியா, கையிருப்பு மரமெல்லாம் தீயில் போனபின், மர வியாபாரத்தை விட்டு மாதிரிப் பொம்மைக்கே வந்துவிட்டது. அந்தத் தீ விபத்து நடக்காமல் இருந்திருந்தால் இன்று சிங்கப்பூரின் ஹாபி கடை அலமாரிகள் வேறுமாதிரி இருந்திருக்கும். ஓசாகாவின் ஷிகேயோ ஓகாவா 1936-இல் தன் பெயரின் முதலெழுத்துகளில் தொடங்கிய ஓஎஸ் எஞ்சின்களும், ரேடியோ வால்வு செய்துகொண்டிருந்த ஃபுடாபாவின் டிரான்ஸ்மிட்டர்களும் உலகத் திடல்களை நிறைத்தன. 1950களின் ரேடியோ விமானத்தில் வாலைத் திருப்பும் விசை எது தெரியுமா? முறுக்கிய ரப்பர். ரேடியோச் சமிக்ஞை வந்ததும் ஒரு கொக்கி விடுபடும், ரப்பர் கால் சுற்று அவிழும், வால் திரும்பும். பெனோவின் சரக்கு 80 ஆண்டு கழித்தும் வேலையில் இருந்தது.

சிங்கப்பூருக்கு அந்தக் காலத்தில் ஒரு தனிப் பெருமை கிடைத்தது. 1954 ஏப்ரல் 1 அன்று 81-ஆம் படையணியின் புகைப்பட ஸ்பிட்ஃபயர் ஒன்று சிலேத்தாரிலிருந்து கிளம்பி, ஜோகூர்க் காட்டைப் படமெடுத்துத் திரும்பியது. எண் பிஎஸ் 888. ராயல் விமானப்படை ஸ்பிட்ஃபயரின் கடைசிப் பணிப் பறப்பு அதுதான். தரைப் பணியாளர்கள் அதன் மூக்கில் 'இதுவே கடைசி' என்ற பொருளில் எழுதிவைத்தார்கள். 1955 டிசம்பரில் பால்சா உடல் கொண்ட மஸ்கீட்டோவின் கடைசிப் பணிப் பறப்பும் சிலேத்தாரிலிருந்தே நடந்தது.

ரேடியோவில் ஒரு தீராத தலைவலி இருந்தது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் ஒரு விமானம் தரையில் குத்தும். திடலில் ஒரு பலகை வைத்து, எந்த அலைவரிசையை யார் எடுத்திருக்கிறார் என்று கிளிப் குத்தி வைப்பார்கள். 1942 ஆகஸ்டில் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் அந்தெய்லும் ஒரு காப்புரிமை வாங்கியிருந்தார்கள்: டார்பிடோவுக்குப் போகும் ரேடியோச் சமிக்ஞை அலைவரிசை மாறி மாறித் தாவினால் எதிரியால் குறுக்கிட முடியாது. பியானோச் சுருள்போல 88 அலைவரிசைகள். கடற்படை அப்போது அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்தத் தாவும் எண்ணம், 2000களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்தபோது மாதிரி விமானத் திடல்களுக்கும் வந்தது. கிளிப் பலகைகள் கழற்றப்பட்டன. இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றில் லமார் இரண்டாவது ஹாலிவுட் நடிகை.

பிறகு சீனத்து ஆலைகள். வெள்ளை நுரையில் அச்சிட்ட உடல், பிரஷ் இல்லாத மோட்டார், லித்தியம் பாலிமர் பேட்டரி. ஒரு குளிர்காலம் முழுக்கச் செதுக்கிய விமானம், அரைமணி நேரத்தில் நான்கு திருகாணியோடு பறக்கத் தயாராகிறது. இதில் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. விலை இறங்கியதால்தான் வீவக வீட்டில் வாழும் பிள்ளைக்கும் ஸ்பிட்ஃபயர் எட்டியது. ஆனால் பெட்டியிலிருந்து வரும் ஆயிரம் விமானமும் ஒரே மாதிரி பளபளக்கும். அங்கேதான் வண்ணம் பூசுகிறவரின் வேலை தொடங்குகிறது.

அந்த வேலையைக் கிட்டத்திலிருந்து பாருங்கள். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இறக்கைக்கு வெள்ளி நிறம். அது காய்ந்ததும் விமானி கால்வைத்து ஏறும் இடத்திலும் துப்பாக்கி மூடிகளைச் சுற்றியும் தண்ணீர் தொட்டு, சமையல் உப்பைத் தூவவேண்டும். உப்பு ஒட்டிக் காய்ந்தபின் மேலே பச்சையும் மண் நிறமும் ஏர்பிரஷ்ஷால் மெலிதாக. கடைசியில் விரலால் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், அந்த இடத்திலெல்லாம் அடியிலுள்ள வெள்ளி எட்டிப் பார்க்கும். பல மாதம் வெயிலிலும் மழையிலும் நின்ற அலுமினியம் போலவே இருக்கும். கண்ணாடி மூடியின் மெல்லிய சட்டங்களைச் சுற்றி வண்ணம் படியாமல் காக்க ஒரு திரவத்தைத் தடவி, காய்ந்தபின் உரித்தெடுக்கிறார்கள். அந்தத் திரவம் பெரும்பாலும் அமோனியா கலந்த ரப்பர் பால். பால்மரத்துக்காரர் பேரன் முகர்ந்தால் கண்டுபிடித்துவிடுவான். அலமாரி மாதிரியோடு ரேடியோ மாதிரிக்கு ஒரு வித்தியாசம் உண்டு: ஒவ்வொரு பூச்சும் எடை. வாலில் கூடுதலாக ஐந்து கிராம் வண்ணம் ஏறினால் மூக்கில் அதைப்போலப் பல மடங்கு ஈயம் வைக்கவேண்டி வரும், ஏனென்றால் போர் விமானங்களுக்கு மூக்கு குட்டை. விமானத்தைச் சிறிதாக்கலாம், காற்றைச் சிறிதாக்க முடியாது. ஆகவே தேர்ந்தவர்கள் வால் இறக்கையை உண்மை அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டுவார்கள். ஸ்பிட்ஃபயரின் சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால் இறங்கும்போது கவிழப் பார்க்கும். நிஜ விமானிகள் பட்ட அதே அவஸ்தை.

சிங்கப்பூரில் பறக்கவிடுவதற்குச் சட்டம் உண்டு. 250 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா விமானத்தை 2020 முதல் பதிவு செய்தாகவேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு மேலே போனால் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். விமானத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும், கடல் மட்டத்திலிருந்து 200 அடிக்கு மேலும் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது. உயரம் கடல் மட்டத்திலிருந்து கணக்கு என்பதால் மேட்டில் நிற்பவருக்கு வானம் இன்னும் குறைவு. தெங்காவின் போர் ஜெட்கள் இரையும் வட்டாரத்தில் இந்தக் கண்டிப்பு நியாயமானதே. பறக்கவிடுமுன் விதிகளையும் இடத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இங்கே கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் லண்டனைக் காத்த ஸ்பிட்ஃபயரையும் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கிய ஜீரோவையும் தேடிப் போகிறார்கள். அடுத்த கிட் வாங்கும்போது பஃபலோவை வாங்குங்கள். மேலே பச்சையும் மண் நிறமும் பூசி, பக்கத்தில் செம்பவாங்கில் இருந்த 453-ஆம் ஆஸ்திரேலியப் படையணியின் 'டிடி' எழுத்துகளையோ, காலாங்கில் இருந்த 488-ஆம் நியூசிலாந்துப் படையணியின் 'என்எஃப்' எழுத்துகளையோ போடுங்கள். ரேடியோவில் பறக்கவிட அதன் குட்டை மூக்கு கொஞ்சம் படுத்தும், ஈயம் கூடுதலாக வையுங்கள். இந்தத் தீவைக் காக்க இங்கிருந்தே கிளம்பிய விமானம் அது. உலகில் பறக்கும் நிலையில் ஒரு பஃபலோகூட இன்று இல்லை.